ஒன்பது ஆண்டு பழைய குளிரூட்டி: திருத்துவதா, மாற்றுவதா? (கொழும்புத்துறை, கடலோர வீடு)

கொழும்புத்துறையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்மா படுக்கும் அறையில் இருந்த 18,000 பி.ரி.யூ. (குளிர்த்தும் திறனின் அளவு) குளிரூட்டி போன கிழமை முற்றாக நின்றுவிட்டது. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வேர்ட்டர் வகையன்று, உள்ளே இருப்பது ஆர்-22 காஸ். பங்குனியில் குளிர் குறைந்தபோது வந்த திருத்துநர் "காஸ் தீர்ந்துவிட்டது" என்று நிரப்பிவிட்டுப் போனார். வைகாசியிலும் அதே கதை, அதே கட்டணம். இப்போது இயக்கினால் இரண்டொரு நிமிடத்தில் வீட்டின் ரிப் சுவிச் விழுந்து முழு வீடும் இருளில் மூழ்குகிறது. அவரை மீண்டும் அழைத்தேன். வாசலில் நின்றபடியே "கொம்பிரசர் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த கடையின் பெயரையும் தந்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து வருகிறான். அதற்குள் அறையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நெருக்குகிறார்கள். ஆனால் உண்மையில் என்ன பழுதென்று தெரியாமல் பெருந்தொகையைச் செலவழிக்க மனம் ஒப்பவில்லை. அறை 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. மேலே கொங்கிறீற் தட்டு. மேற்குச் சுவர் மாலை வெயிலை முழுவதும் வாங்கும். வெளிப்பெட்டி தெற்குச் சுவரில் கடல்நீரேரியைப் பார்த்தபடி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் அறிவுரை சொல்லுங்கள்.

மின்கம்பி எழுதியது:

இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்கிவிட வேண்டும். குளிரூட்டியில் காஸ் "தீராது". அது மோட்டார்ச் சைக்கிளின் பெற்றோல் அன்று. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. அளவு குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையைத் தேடாமல் இரண்டு முறை நிரப்பியவர் உங்களிடம் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் வாங்கியிருக்கிறார்.

ஆனால் கொம்பிரசர் (காஸை அழுத்திச் சுற்றவைக்கும் மோட்டார்) போய்விட்டது என்று அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், பார்க்காமலே சொல்லியிருந்தாலும். ரிப் சுவிச் விழுவது மின்சாரம் எங்கோ இயந்திரத்தின் உலோக உடலுக்குக் கசிகிறது என்பதன் அடையாளம். வெறும் கப்பாசிற்றர் (மோட்டார் கிளம்ப உதவும் சிறு பகுதி) பழுதென்றால் பொதுவாக ரிப் விழாது. வெளியே விசிறி சுற்றும், கொம்பிரசர் உறுமிவிட்டு அடங்கிவிடும், உள்ளே வெறுங்காற்று வரும். கப்பாசிற்றர் மலிவான பொருள். அதை மாற்றினால் தீரக்கூடிய குறைக்குப் புதிய இயந்திரம் வாங்கியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஆகவே நம்பிக்கையான ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு இதைச் செய்யுங்கள். பிரதான மின்னைத் துண்டித்து, கப்பாசிற்றரில் தேங்கியிருக்கும் மின்னையும் வெளியேற்றிய பின், கொம்பிரசரின் மூன்று கம்பிகளையும் கழற்றித் தனித்தனியே காப்பிட்டு வைக்க வேண்டும். மறுபடி இயக்கும்போது ரிப் விழாமல் வெளிவிசிறி மட்டும் சுற்றினால் குற்றம் கொம்பிரசரிலேதான். அதன் முனைகளுக்கும் உலோக உடலுக்கும் இடையே மீற்றர் வைத்தால் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே மோட்டார்ச் சுருளின் காப்பு எரிந்துவிட்டது. பிறகு, குழாய் பொருத்துகளிலும் குழாய்ச் சுருளிலும் எண்ணெய்ப் பிசுக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும்.

மானிப்பாய்–ரொறன்ரோ எழுதியது:

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் மானிப்பாயில் இருக்கும் என் பெற்றோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது ஆண்டு ஓடியதைத் திருத்துவது வீண். வாங்குவதென்றால் 24,000 ஆகவே வாங்கிவிடுங்கள் அண்ணா. எங்கள் யாழ்ப்பாண வெயிலுக்குச் சிறியது காணாது. பெரியது விரைவில் குளிர்த்திவிட்டு நின்றுவிடும், மின்சாரமும் மிச்சம்.

பழைய ஓடு எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் பாட்டனார் காலத்து நாற்சார் வீட்டில் சித்திரை வெயிலிலும் கூடத்தில் பாயை விரித்தால் நித்திரை வரும். ஓட்டுக்குக் கீழே காற்றுப் போக வழி இருந்தது, முற்றத்தில் வேம்பு நின்றது. பிறகு எல்லோரும் தட்டுப் போட்டோம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த அந்தக் கொங்கிறீற் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அதை அறைக்குள் கக்குகிறது. அம்மா படுக்கும் நேரமும் அதுதான். இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் தட்டுக்கு மேலே ஒரு நிழல் போடுங்கள். தடி நட்டுக் கிடுகு வேய்ந்தாலே போதும். தட்டுக்கும் கிடுகுக்கும் இடையில் இரண்டடி இடைவெளி விட்டால் சோழகக் காற்று அதனூடாகப் போய்வரும்.

கொழும்புத்துறையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய ஓடு ஐயா, உங்கள் கருத்தை ஒதுக்கவில்லை; ஆனால் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, இரவில் வியர்த்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். நிழலை மட்டும் நம்பி இருக்க இயலாது.

மின்கம்பி அண்ணா சொன்னபடி நேற்று எலக்ட்ரீசியனை அழைத்துப் பார்த்தோம். கப்பாசிற்றர் நன்றாகவே இருந்தது. கொம்பிரசரின் கம்பிகளைக் கழற்றியபின் ரிப் விழவில்லை, விசிறி ஓடியது. முனைக்கும் உடலுக்கும் மீற்றர் தொடர்பு காட்டியது. ஆக, வாசலில் நின்று சொன்னவர் சொன்னது மெய்தான். எனினும் கேட்டு நம்புவதற்கும் கண்ணால் பார்த்து அறிவதற்கும் வேறுபாடு உண்டு.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வெளிப்பெட்டியின் பின்புறத்தில் இருந்தது. அலுமினியத் தகடுகள் விரல் பட்டவுடன் வெண்மாவாக உதிர்ந்தன. கீழ்ப்பாதியில் தகடே இல்லை, வெறும் செப்புக் குழாய்தான் இருக்கிறது. ஒரு வளைவில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது. கொம்பிரசரை மட்டும் மாற்றித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். ஆர்-22 கிடைப்பது கடினம் என்பதால் "வேறு காஸ்" போடலாம் என்றும் சொல்கிறார். அது சரிவருமா?

மின்கம்பி எழுதியது:

சரிவராது தம்பி. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது கடலோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

உங்கள் வீடு நகரத்தின் தென்கரையில் இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோழகம் தென்மேற்கிலிருந்து கடல்நீரேரியைத் தடவிக்கொண்டு நேரே உங்கள் தெற்குச் சுவரில் மோதுகிறது. அந்தக் காற்றில் உப்பு ஈரம் இருக்கும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் படிந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். வெளிவிசிறியோ அந்த உப்பைப் பின்புறத்தால் உறிஞ்சி உறிஞ்சிச் சுருளில் படியவைக்கிறது. தகடு உதிர்ந்ததும் வெப்பம் வெளியேற வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. இன்னொரு பக்கம் காஸ் கசிந்து குறைகிறது. கொம்பிரசரைக் குளிர்விப்பது உள்ளிருந்து திரும்பிவரும் குளிர்ந்த காஸ்தான். அது குறைந்தால் கொம்பிரசர் தன் சூட்டிலேயே வேகும். மோட்டார்ச் சுருளின் காப்பு எரிந்தது அப்படித்தான். பங்குனியிலேயே ஓட்டையை அடைத்திருந்தால் கொம்பிரசர் இன்னும் ஓரிரு ஆண்டு தாங்கியிருக்கும். உதிர்ந்த சுருளில் புதிய கொம்பிரசரைப் பூட்டினால் அதற்கும் அதே கதிதான்.

ஆர்-22 விடயம் வேறு. ஓசோன் படையைக் கெடுக்கும் காஸ்களைக் கைவிட 1987இல் மொன்றியலில் உடன்படிக்கை ஆனது; இலங்கையும் அதில் ஒரு தரப்பு. நம்மைப் போன்ற வளர்முக நாடுகளுக்கு அந்த உடன்படிக்கை வகுத்த ஒழுங்கின்படி, ஆர்-22 சேர்ந்த வகைக் காஸ்களின் பயன்பாடு 2025இல் அடிப்படை அளவிலிருந்து 67.5 வீதம் குறைய வேண்டும். 2030க்குப் பிறகு பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கென ஒரு சிறு பங்கு மட்டுமே மிஞ்சும். ஆகவே இனி அது கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகவே ஆகும்.

அந்த "வேறு காஸ்" என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் சமையல் காஸுக்கு உறவான புரொப்பேன் வகையை ஆர்-22 இயந்திரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அது நன்றாகக் குளிர்த்தும், மறுக்கவில்லை. ஆனால் அது எளிதில் தீப்பற்றுவது. அந்த இயந்திரத்தின் மின்தொடர்புகள் அதற்கென அமைக்கப்பட்டவையல்ல. ஏற்கெனவே கசியும் குழாயில் அதை ஏற்றி, அம்மா கதவை மூடிப் படுக்கும் அறையில் பூட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மாற்றுவது என்று முடிவானால், மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். 2022 ஆவணியில் சராசரியாக 75 வீதமும், 2023 மாசியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பிறகு குறைந்தும் கூடியும் வந்தாலும் வீட்டுப் பாவனைக்கான படிமுறை மாறவில்லை: மாதம் 180 அலகைத் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும் உச்ச வீதம், அதற்கு மேல் நிலையான கட்டணமும் உயரும்.

உங்கள் பழைய 18,000 இயந்திரம் ஓடும்போது ஏறத்தாழ 1.7 கிலோவாற் இழுத்திருக்கும். எட்டு மணிநேரத்தில் பாதி நேரம் கொம்பிரசர் ஓடியதென்று கொண்டால் இரவுக்கு ஏழு அலகு, மாதத்துக்கு 210. குளிரூட்டி இல்லாமல் உங்கள் வீட்டுக்கு எத்தனை அலகு?

கொழும்புத்துறையான் எழுதியது:

தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப்பெட்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 90 அலகு. மொத்தம் 300 வருவது வழக்கம். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

சரி, மாற்றுவதென்றே முடிவு செய்துவிட்டோம். இப்போது அளவுதான் கேள்வி. தம்பியும் தொலைபேசியில் 24,000 என்றே சொல்கிறான். கடைக்காரர் "பழையது 18,000 என்றால் அதற்குக் குறையக் கூடாது" என்கிறார்.

மின்கம்பி எழுதியது:

கடைக்காரர் அறையைப் பார்த்தாரா? 144 சதுர அடிக்கு, தட்டையும் மேற்கு வெயிலையும் கணக்கில் எடுத்தாலும், 12,000 போதும். நிழலான அறையென்றால் 9,000 என்றே சொல்லியிருப்பேன்.

ரொறன்ரோ தம்பி கோபிக்க வேண்டாம். பெரியது விரைவில் குளிர்த்திவிட்டு நிற்கும் என்று நீங்கள் நன்மையாகச் சொன்னதுதான் அதன் குறை. குளிரூட்டிக்கு இரண்டு வேலைகள்: சூட்டை இறக்குவது, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவது. ஈரம் பிழியப்படுவதற்குச் சுருள் தொடர்ந்து சில்லிட்டிருக்க வேண்டும். பெரிய இயந்திரம் ஐந்து நிமிடத்தில் சூட்டை இறக்கிவிட்டு நின்றுவிடும். ஈரம் அறையிலேயே இருக்கும், சுருளில் படிந்த ஈரமும் காற்றோடு திரும்பிவரும். கொழும்புத்துறையான் தம்பி, மாரியில் அந்த அறையில் பிசுபிசுப்பும் பூஞ்சண வாசமும் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கொழும்புத்துறையான் எழுதியது:

கேட்டேன். "ஐப்பசி, கார்த்திகையில் தலையணை ஈரச்சீலை மாதிரிக் கிடக்கும், போர்த்தால் வியர்க்கும், எடுத்தால் குளிரும்" என்கிறார். ஒன்பது ஆண்டுகளாக அதைக் கடலருகில் இருப்பதன் குற்றம் என்றே நினைத்திருந்தோம்.

பாசையூர் அக்கா எழுதியது:

நாங்களும் கடலோரம்தான், தம்பி. மூன்று ஆண்டுகளுக்கு முன் இன்வேர்ட்டர் வகை ஒன்றை வாங்கி, ஒன்றரை ஆண்டில் அதன் வெளிப்பெட்டியின் மின்பலகை எரிந்தது. திறந்து பார்த்தால் உள்ளே கருகிய பல்லி ஒன்று கம்பிகளுக்குக் குறுக்கே கிடந்தது. உத்தரவாதப் பத்திரத்தில் பூச்சி, ஊர்வனவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடியெழுத்தில் இருந்தது. பலகையின் விலை புதிய பெட்டியின் விலையில் ஒரு நல்ல பங்கு. ஆகவே கம்பி நுழையும் துளைகளைப் பூட்டிய அன்றே அடைக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது "கொம்பிரசருக்குப் பத்து ஆண்டு" என்பதை மட்டும் கேட்டு மயங்காமல், மின்பலகைக்கும் சுருளுக்கும் எத்தனை ஆண்டு என்று கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்கள் ஊரில் முதலில் போவது அவை இரண்டும்தான்.

மின்கம்பி எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது பூட்டும் வேலையைப் பற்றியே. எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதைவிட அதைப் பூட்டுகிறவரின் கை முக்கியம்.

வெளிப்பெட்டியைத் தெற்குச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். வடக்குப் பக்கம் இடமிருந்தால் நல்லது. சோழகமும் படாது, வெயிலும் குறைவு. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்தாலும் அது மழையோடு வருவதால் உப்பைக் கழுவிவிடும். நீலப் பூச்சுப் பூசிய தகடுள்ள பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். அது அரிப்பை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அதனால் மாதம் ஒருமுறை மின்னை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவ வேண்டும். கிணறு சவரென்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

பழைய செப்புக் குழாயைப் புதியதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள், விடவேண்டாம். உள்ளே பழைய கனிம எண்ணெய் ஒட்டியிருக்கும்; ஆர்-32, ஆர்-410ஏ காஸில் ஓடும் புதிய இயந்திரங்களின் எண்ணெய் வேறு, அவற்றின் அழுத்தமும் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். குழாயின் விட்டமும் 12,000க்குப் பெரும்பாலும் பொருந்தாது.

கசிவைச் சோதிக்க நைதரசன் மட்டுமே ஏற்ற வேண்டும். ஒட்சிசன் உருளையோடு யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அழுத்தத்தில் ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். பிறகு, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வெற்றிடப் பம்பி. சிலர் பம்பியே கொண்டுவராமல், வால்வைச் சற்றுத் திறந்து காஸால் காற்றைத் தள்ளிவிட்டு "முடிந்தது" என்பார்கள். குழாயில் மிஞ்சும் ஈரம் அந்தப் புதுவகை எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, இரண்டு மூன்று ஆண்டில் கொம்பிரசரைத் தின்னும். பம்பி குறைந்தது இருபது நிமிடம் ஓட வேண்டும். நிறுத்திய பின்னும் மானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் கதிரை போட்டு அருகில் இருங்கள்.

மின்னுக்கு 7/0.67 (0.67 மி.மீ. தடிப்பில் ஏழு இழை) கம்பியில் தனி இணைப்பும் தனிப் பிரேக்கரும். புவித்தொடுப்பையும் சோதியுங்கள், வறண்ட காலத்தில் நம் நிலத்தில் அது பலவீனமாகிவிடும்.

கொழும்புத்துறையான் எழுதியது:

திருவிழாக் கொடியேறிய இரண்டாம் நாள் பூட்டி முடித்தோம். தம்பி குடும்பம் அதற்கு மறுநாள் வந்தது. 12,000 இன்வேர்ட்டர், ஆர்-32. வந்த இருவரும் பம்பி இல்லாமலே வந்திருந்தார்கள். "எல்லா இடமும் இப்படித்தான் செய்கிறோம்" என்றார்கள். நான் தேநீர் கொடுத்து இருத்திவிட்டு, பம்பி வரும்வரை பணம் தரமாட்டேன் என்று சொன்னேன். ஒரு மணிநேரத்தில் பம்பி வந்தது. பழைய பெட்டிகளைச் செம்புக்காக ஒரு பழைய இரும்பு வியாபாரி எடுத்துப் போனார்.

முதல் கிழமை மீற்றரைக் காலையும் இரவும் குறித்தேன். 26 பாகையில் எட்டு மணிநேரத்துக்கு 3.6 அலகு அளவில் வருகிறது. கணக்குப்பிள்ளை அண்ணா, மாதம் 108 என்றால் மொத்தம் 198. இன்னும் 180க்கு மேலேதான் நிற்கிறோம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரவுக்கு மூன்று அலகுக்கு இறக்கினால் சரியாக 180. வெப்பநிலையை 27 ஆக்கி மேல்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். காற்று அசைந்தால் உடலுக்கு அந்த ஒரு பாகை தெரியாது. விடியற்புறம் நான்கு மணிக்குத் தானே நிற்கும்படி நேரம் வைத்துவிடுங்கள்.

பழைய ஓடு எழுதியது:

அல்லது தட்டுக்கு நிழல் போடுங்கள். முதலிலேயே சொன்னேன்.

கொழும்புத்துறையான் எழுதியது:

ஐயா, உங்களுக்குத்தான் இந்தக் கடைசிப் பதிவு. கிடுகென்றால் எலியும் தீயும் பயம் என்று வீட்டில் மறுத்ததால், தட்டுக்கு இரண்டடி மேலே இரும்புச் சட்டம் அடித்து நிழல்வலை கட்டினோம். விடிய நான்கு மணிக்கு நிற்கும்படி நேரக் குறிப்பும் வைத்தோம், 27 பாகை. புரட்டாதி மாதம் முழுவதற்கும் குளிரூட்டிக்கு 84 அலகு, மொத்தப் பட்டியல் 174. இதில் வலையின் பங்கு எவ்வளவு, நேரக் குறிப்பின் பங்கு எவ்வளவு என்று நீங்களும் கணக்குப்பிள்ளை அண்ணாவும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வடிகுழாயை நீட்டிக் கறிவேப்பிலை மரத்தடியில் விட்டிருக்கிறோம். இரவுக்கு ஒரு வாளி அளவு தண்ணீர் வருகிறது. பழைய இயந்திரத்தில் அரைவாளி கண்டதில்லை. அம்மா இப்போது ஒரு போர்வையோடு படுக்கிறார், தலையணை காய்ந்திருக்கிறது என்கிறார்.